மேடு ஏறாத புல்வெட்டியும் அளவை நூல்களும்

கண்ட விளைவைக் கொண்டு காணாத காரணத்தை எவ்வளவு உறுதியாக அறியலாம் என்பது அளவையியலின் மூலக் கேள்விகளில் ஒன்று. மணிமேகலையின் 27ஆம் காதையான சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை, கருதல் அளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கிறது. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்று கொள்வது முதல். ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று கொள்வது எச்சம். முன்னதில் அறிவு காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்கிறது. பின்னதில் விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்புகிறது. நியாய மரபும் இதே வெள்ளத்தை இதே வகைக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது.

பழுது பார்ப்பவர் செய்வது இந்த இரண்டாவது வகைக் கருதல். நோயானாலும் வழக்கானாலும் இயந்திரமானாலும் முதலில் கையில் கிடைப்பது விளைவு மட்டுமே. அந்தக் கருதலின் வலிமையும் வரம்பும் தெளிவாகத் தெரியும் களங்களில் ஒன்று, ஹைட்ராலிக் இழுவை கொண்ட பழைய ரைடிங் மோவர். அகன்ற புல்வெளிகள் உள்ள அமெரிக்க வீடுகளில், ஏறி உட்கார்ந்து ஓட்டும் இந்தப் புல்வெட்டி பரவலாக உண்டு. 1960களின் நடுவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் கப் கேடட் வரிசையின் 123 மாதிரியில் கியர் மாற்றத் தேவையில்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் இழுவையைப் பொருத்தியது. இவ்வகை வண்டிகள் முதுமையடையும்போது எழும் குறைகளில் ஒன்று பலருக்கும் பழக்கமானது: கிளப்பியவுடன் நன்றாக ஓடும் வண்டி, அரை மணி நேரம் ஓடியபின் மேடு ஏற மறுக்கும். என்ஜின் வழக்கம்போல் ஓடும். சக்கரம் மட்டும் நின்றுவிடும். காரணம் மூடிய உறைக்குள் இருக்கக்கூடும். உறையைப் பிரிப்பது செலவு. பிரித்தால் உள்ளே இருந்த நிலையும் கலைந்துபோகும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே கருத வேண்டியிருக்கிறது.

உறைக்குள் நடப்பது

என்ஜினின் சுழற்சியை ஒரு பெல்ட்டோ தண்டோ இழுவைப் பெட்டியின் பம்புக்குக் கொண்டுபோகிறது. பம்புக்குள் ஓர் உருளைக் கட்டையில் சிறு பிஸ்டன்கள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றின் முனைகள் ஒரு சாய்தட்டின் மேல் அழுந்திச் சுழலும். தட்டு நிமிர்ந்திருந்தால் பிஸ்டன்கள் நகர்வதில்லை, வண்டியும் நகர்வதில்லை. ஓட்டுநர் நெம்புகோலையோ மிதியையோ அசைக்கும்போது தட்டு சாய்கிறது, பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய் ஆயிலைத் தள்ளுகின்றன. அந்த ஆயில் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றிவிட்டு மறுபடி பம்புக்கே திரும்புகிறது. தட்டு மறுபக்கம் சாய்ந்தால் ஆயில் எதிர்த்திசையில் ஓடும். வண்டி பின்னால் போகும். மோட்டாரின் சுழற்சி கியர்கள் வழியாக ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் சேர்கிறது.

இந்த மூடிய சுற்றில் ஆயில் ஓரளவு கசிந்துகொண்டே இருக்கும். நகரும் பாகங்களுக்கு மசகு கிடைப்பதும் அந்தக் கசிவால்தான். கசிந்த அளவை ஈடுசெய்ய உள்ளிழுக்கும் வால்வுகள் உண்டு, பல பெட்டிகளில் ஒரு சிறு துணைப் பம்பும் உண்டு. என்ஜின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்கென்று, சுற்றின் இரு பக்கங்களையும் இணைத்துவிடும் பைபாஸ் வால்வு ஒன்றும் இருக்கும்.

கசிவின் அளவை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. அழுத்தம் கூடினால் கசிவு கூடும். ஆயில் நீர்த்தால் கசிவு கூடும். உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளி விரிந்தால், இடைவெளியின் முப்படிக்கு ஏற்பக் கசிவு கூடும்: இடைவெளி 2 மடங்கானால் கசிவு 8 மடங்கு. சமதளத்தில் சக்கரத்துக்குச் சுமை குறைவு, சுற்றில் அழுத்தமும் குறைவு. மேட்டில் அழுத்தம் ஏறுகிறது. நெடுநேரம் ஓடினால் ஆயில் சூடாகி நீர்க்கிறது. தேய்ந்த பம்பில் இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது, பம்ப் தள்ளும் ஆயிலில் பெரும்பங்கு மோட்டாரைச் சேராமல் இடைவெளிகள் வழியே ஒழுகிவிடுகிறது.

ஒரு விளைவு, பல காரணங்கள்

இவ்வளவும் தெரிந்தபின், மேடு ஏறாத வண்டியைக் கண்டதும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்வது எளிது. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் எதிர்வாதி இந்த எளிமையைத்தான் தாக்குகிறார். வெள்ளம் மழையால்தான் வர வேண்டுமா? எங்கோ தடுத்து வைத்த நீர் உடைத்துக்கொண்டு வந்தாலும் ஆறு பெருகும். எறும்புகள் முட்டைகளைச் சுமந்து வெளியேறினால் மழை வரும் என்கிறார்கள். புற்று சிதைந்தாலும் அவை வெளியேறும். மயிலின் அகவலைக் கேட்டு மயில் இருப்பதாகக் கருதினால், அகவியது மயில்போல் குரல் எழுப்பிய மனிதனாகவும் இருக்கலாம். எனவே விளைவைக் கொண்டு காரணத்தைக் கருதுவது பிழைபடும் என்பது அவர் வாதம்.

புல்வெட்டியிலும் இந்த வாதம் அப்படியே பொருந்தும். பெல்ட் வழுக்கினால் இழுவை குறையும். பைபாஸ் வால்வு முழுதாக மூடாவிட்டால் குறையும். ஆயில் மட்டம் தாழ்ந்தாலும், ஆயிலில் காற்று கலந்தாலும் குறையும். சாய்தட்டை அசைக்கும் இணைப்புக் கம்பி தளர்ந்து தட்டு முழுதாகச் சாயாவிட்டால் வேகம் குறையும். பிரேக் விடாமல் பிடித்திருந்தால் வண்டி திணறும். சக்கரத்தையும் ஆக்சிலையும் பிணைக்கும் சாவிக்கட்டை அறுந்துபோனால் ஆக்சில் சுழலும், சக்கரம் நிற்கும். இத்தனைக்கும் ஓட்டுநர் சொல்லும் புகார் ஒன்றுதான்: வண்டி இழுக்கவில்லை.

எதிர்வாதிக்கு நியாய மரபு தரும் விடை கூர்மையானது. கருதல் பிழைபடவில்லை, கருதலுக்கு அடிப்படையாகாத ஒன்றை அடிப்படையாகக் கொண்டதே பிழை. நீர் சற்று உயர்ந்ததைக் கண்டு யாரும் மழையைக் கருதுவதில்லை. நீர் கரை நிறையப் பெருகி, விரைந்தோடி, நுரையும் பழமும் இலையும் கட்டையும் அடித்துவருவதைக் கண்டுதான் கருதுகிறார்கள் என்கிறது வாத்ஸ்யாயனரின் உரை. அணை உடைந்த நீருக்கு இந்த அடையாளங்கள் எல்லாம் கூடி அமைவதில்லை. பயத்தால் சிதறும் எறும்புகளின் ஓட்டமும் மழைக்குமுன் நகரும் எறும்புகளின் வரிசையும் ஒன்றல்ல.

ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதை 1843இல் வெளியான தம் அளவையியல் நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் பெரிய சிக்கலாக எடுத்துக்கொண்டார். பின்வந்த அளவையியலாளர் பலர் அதற்குச் சொன்ன மறுமொழி வாத்ஸ்யாயனரின் விடைக்கு நெருக்கமானது: விளைவைப் பொதுப்படச் சொல்வதால்தான் காரணங்கள் பலவாகத் தோன்றுகின்றன; விளைவை அதன் தனித்தன்மையோடு சொன்னால் காரணங்கள் சுருங்கும். சாவு என்ற பொது விளைவுக்குக் காரணங்கள் எண்ணற்றவை. ஆனால் நஞ்சால் செத்த உடலும் நீரில் மூழ்கிச் செத்த உடலும் ஒரே அடையாளங்களைக் காட்டுவதில்லை.

விளைவைக் கூர்மையாகக் காணுதல்

ஆகவே பழுது பார்ப்பதில் முதற்பணி காரணத்தைத் தேடுவதன்று, விளைவை நுணுக்கமாகக் காண்பது. இழுவை எப்போது குறைகிறது? கிளப்பியதிலிருந்தே குறைவாக இருந்தால் சூடு காரணமல்ல. பைபாஸ் வால்வு, இணைப்புக் கம்பி, ஆயில் மட்டம் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. எந்தத் திசையில் குறைகிறது? முன்னோக்கி இழுக்காமல் பின்னோக்கி நன்றாக இழுத்தால், இரு திசைக்கும் பொதுவான பெல்ட்டின் மேல் ஐயம் குறைகிறது. மூடிய சுற்றில் முன்னே போகும்போது அழுத்தம் ஏறும் பக்கமும் பின்னே போகும்போது அழுத்தம் ஏறும் பக்கமும் வேறு. அந்தந்தப் பக்கத்துக்குரிய வால்வையும், தட்டு இரு பக்கமும் சமமாகச் சாய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எப்படிக் குறைகிறது? விட்டுவிட்டு இழுத்து, கீச்சென்ற ஒலியும் எழுந்து, ஆயிலில் நுரையும் தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. நுரை இங்கும் ஓர் அடையாளமே.

அடுத்த பணி, எஞ்சியவற்றைப் பிரித்தறியும் சோதனை. மேட்டில் சக்கரம் நிற்கும்போது பெட்டியின் மேல் பெல்ட் சுழற்றும் கப்பி சுழல்கிறதா என்பது அவற்றுள் சிறந்தது. வெட்டும் பிளேடை நிறுத்திவிட்டு, கையையும் உடையையும் விலக்கிவைத்து இதைக் காண வேண்டும். கப்பி வேகம் குன்றாமல் சுழன்றால் பெல்ட் குற்றமற்றது. பழுது அதற்குப் பின்னால் இருக்கிறது. கப்பி தளர்ந்தாலோ நின்றாலோ பழுது பெட்டிக்கு முன்னால். ஒரே பார்வையில் காரணங்களின் பட்டியல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி விழுந்துவிடுகிறது. ஆக்சில் சுழல்கிறதா என்று பார்ப்பது எஞ்சிய பாதியையும் பிளக்கும்.

இப்படி ஒவ்வொன்றாக நீக்கி எஞ்சியதைக் கொள்வதற்குத் தமிழ் அளவை நூல்களில் தனி இடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் கூறும் அளவைகளை எண்ணும்போது ஒழிபையும் சேர்க்கிறது. பின் அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. ஒழிபு கருதலுள் அடங்குவதால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். இருவர் மட்டுமே பொருத களத்தில் ஒருவன் வென்றான் என்றால் மற்றவன் தோற்றான் என்பது உறுதி. களத்தில் மூன்றாமவன் ஒருவன் இருந்தால் அந்த உறுதி இல்லை. பெல்ட், ஆயில், வால்வு மூன்றையும் நீக்கிவிட்டுப் பம்பைப் பழிப்பவர், சாவிக்கட்டையைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால், நல்ல பம்பைக் கழற்றி எறிவார்.

சோதனைகளின் வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. மிகவும் வாய்ப்புள்ள காரணத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செலவு குறைந்ததும், செய்ததைத் திருப்பிக்கொள்ளக் கூடியதும், கண்ணால் காணத்தக்கதும் முதலில் வருகின்றன. உண்மைக்கு நெருக்கமான வரிசை ஒன்று. அறிவுக்கு எளிய வரிசை வேறொன்று.

சூடும் உபாதியும்

அரை மணி நேரத்துக்குப்பின் குறைகிறது என்ற அடையாளம் சூட்டைச் சுட்டுகிறது. ஆனால் சூடு காரணமா? நெருப்பு இருப்பதால் அங்கே புகையும் இருக்கும் என்ற கருதலை நியாய நூல்கள் தவறென்று காட்டுவது இங்கே பயன்படும். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேரும்போதுதான் புகை எழுகிறது. வாதத்துக்குள் சொல்லாமல் மறைந்திருக்கும் இத்தகைய நிபந்தனையை உபாதி என்றார்கள். உபாதி உள்ள கருதல் நம்பத்தக்கதன்று.

ஆயில் சூடானால் இழுவை குறையும் என்பதும் இதே அமைப்புடைய வாதம். புதிய வண்டியிலும் ஆயில் சூடாகிறது. இழுவை அப்படியே இருக்கிறது. சூட்டோடு விரிந்த இடைவெளியும் சேரும்போதுதான் இழுவை போகிறது. தேய்மானமே இங்கு உபாதி. சூடு அதை வெளிக்காட்டும் துணை. இதைக் காணாதவர் கெட்டியான ஆயிலை ஊற்றி வெற்றி கண்டதாக நினைப்பார். குறை சிறிது காலம் மறையும். இடைவெளியோ இருந்தபடியே இருக்கும், நாளாக விரியும்.

இன்னோர் உபாதியும் இருக்கலாம். பெட்டியின் மேலுள்ள விசிறியின் இதழ் உடைந்திருந்தாலோ, குளிர்விக்கும் பரப்பைப் புல்தூசி அடைத்திருந்தாலோ, ஆயில் இயல்புக்கு மீறிச் சூடாகும். அப்போது தேய்ந்த பம்பைப் போலவே ஓரளவு நல்ல பம்பும் நடந்துகொள்ளும். தூசியைத் துடைத்துவிட்டு மீண்டும் அதே மேட்டில் ஓட்டிப் பார்ப்பது, இயல்பான சூட்டையும் மிகைச் சூட்டையும் பிரித்துவிடுகிறது. எல்லா உபாதிகளையும் நீக்கிவிட்டோம் என்று ஒருபோதும் நிறுவ முடியாது என்று உலகாயதர் வாதிட்டனர். முழு உறுதியைப் பொறுத்தவரை அவர்கள் வாதம் வலுவானது. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஐயம் எழுந்தால் அதைக் குறிப்பிட்ட ஒரு சோதனையால் தீர்க்கலாம். எழாத ஐயங்களுக்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

காணாமையின் சான்று

தரையில் ஆயில் சொட்டவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று சொல்வது வழக்கம். இல்லாமையைக் காணாமையால் அறியலாமா என்பது மீமாஞ்சகரும் பௌத்தரும் நையாயிகரும் நெடுங்காலம் வாதிட்ட பொருள். இருந்தால் தெரிந்தே தீரும் என்ற நிலையில் மட்டுமே காணாமை சான்றாகும் என்பதில் தருமகீர்த்தி போன்ற பௌத்தர்கள் உறுதியாக இருந்தனர். வெளிச்சமுள்ள அறையில் குடத்தைக் காணாவிட்டால் குடம் இல்லை. பேயைக் காணாவிட்டால் பேய் இல்லை என்று அதே வழியில் சொல்ல முடியாது. இருந்தாலும் அது கண்ணுக்குப் புலப்படும் பொருளன்று.

வெளிக்கசிவு முதல் வகையைச் சேர்ந்தது. இருந்தால் ஆயில் சீல் ஓரத்தில் ஈரமும் அதில் ஒட்டிய புல்லும் தெரியும். உட்கசிவு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பம்பின் இடைவெளியில் ஒழுகும் ஆயில் அதே பெட்டிக்குள்தான் விழுகிறது. மட்டம் குறைவதில்லை, சொட்டும் விழுவதில்லை. மட்டம் சரியாக இருப்பது உட்கசிவுக்கு எதிரான சான்றாகாது.

நூலின் சொல்

தயாரித்தவர் வெளியிட்ட பணிமனைக் கையேடு உரை அளவையின் இடத்தில் நிற்கிறது. சொல்லை நம்பத்தக்கதாக்குவது எது என்ற கேள்விக்கு வாத்ஸ்யாயனர் தரும் விடை பிறப்பையோ குலத்தையோ சாராதது: பொருளை நேராக அறிந்தவரும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவரும் நம்பத்தக்கவர், ரிஷி, ஆரியர், மிலேச்சர் மூவருக்கும் இந்த இலக்கணம் பொது. கையேட்டை எழுதியவர் புதிய வண்டியை நேராக அறிந்தவர். ஆயிலின் தரம், மட்டம், காற்றை வெளியேற்றும் முறை, கம்பியைச் சரிசெய்யும் அளவு ஆகியவற்றில் அவர் சொல்லே அளவை. காற்றை வெளியேற்றுவதற்குச் சக்கரங்களைத் தூக்கிநிறுத்தி, பைபாஸைத் திறந்து, நெம்புகோலை முன்னும் பின்னும் பலமுறை அசைத்து, பின் பைபாஸை மூடி மீண்டும் அசைக்கச் சொல்வது பொதுவான முறை. இதைக் கருதலால் கண்டுபிடிக்க முயல்வது வீண்.

பல ஆண்டுகள் உழைத்த குறிப்பிட்ட ஒரு வண்டியை அந்த ஆசிரியர் கண்டதில்லை. நடுவில் யாரோ வேறு நீளமுள்ள பெல்ட்டை மாட்டியிருக்கலாம். வேறு ஆயிலை ஊற்றியிருக்கலாம். உரையின் எல்லை முடியும் இடத்தில் காண்டல் தொடங்குகிறது.

எது காரணம்?

சுமை, மேடு, சூடு, நீர்த்த ஆயில், விரிந்த இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் சக்கரம் நின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் காரணம் என்று அழைப்பது ஏன்? ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் ஆர். ஜி. காலிங்வுட், மெய்ப்பொருளியல் பற்றி 1940இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருக்கமான ஒரு நிகழ்வைக் கையாள்கிறார். ஒரு கார் மேடு ஏறவில்லை. வழிப்போக்கர் ஒருவர், மேட்டின் உச்சி பூமியின் மையத்திலிருந்து அடிவாரத்தைவிடத் தொலைவில் இருப்பதால் ஏறக் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்று விளக்குகிறார். அவர் சொன்னது முழு உண்மை. காருக்கு உடையவருக்கு அதனால் பயனில்லை. பிறகு வரும் பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, கழன்றுகிடக்கும் மின்கம்பியை எடுத்துக் காட்டுகிறார். சிக்கல் தீர்கிறது.

நடைமுறை அறிவில் காரணம் என்பது, கையால் மாற்றி அதன் வழியே விளைவையும் மாற்றக்கூடிய நிபந்தனை என்பது காலிங்வுட்டின் முடிவு. மேட்டைத் தட்டையாக்க முடியாது. தேய்ந்த பாகத்தை மாற்ற முடியும். ஆகவே காரணம் கேட்பவரைப் பொறுத்தும் மாறும். பழுது பார்ப்பவருக்குத் தேய்மானம் காரணம். வண்டிக்கு உடையவருக்குப் பல ஆண்டு மாற்றாத ஆயில் காரணம். வடிவமைப்பாளருக்கு, சரிவான நிலத்துக்குப் போதாத சிறிய பெட்டியைத் தேர்ந்ததே காரணம். மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு கைகளுக்கு எட்டும் வெவ்வேறு நிபந்தனைகள். காரணத்துக்குக் காரணம் என்று முடிவில்லாமல் பின்னே போவதையும் இந்த நோக்கு தடுக்கிறது. கை எட்டும் இடத்தில் தேடல் நிற்கலாம்.

சரியானதும் அறிந்ததும்

அறிவு மெய்யா என்பதைச் செயலின் வெற்றி காட்டும் என்று வாத்ஸ்யாயனரின் உரையான நியாய பாஷ்யம் தொடக்கத்திலேயே சொல்கிறது. கானல் நீரை நோக்கிப் போனவர் தாகம் தீராமல் திரும்புகிறார். குளத்தை நோக்கிப் போனவர் நீர் குடிக்கிறார். பழுது நீங்கினால் கருதல் மெய் என்பது இதன் நீட்சி.

இதற்கும் வரம்பு உண்டு. 12ஆம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர், கண்டனகண்டகாத்யம் என்னும் நூலில், மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று கேட்டதற்குக் குருட்டாம்போக்கில் சரியான எண்ணைச் சொன்னவனை முன்வைக்கிறார். சொன்னது உண்மை, அவன் அறிந்தானா? ஒரே நாளில் பெல்ட்டை மாற்றி, ஆயிலை மாற்றி, பைபாஸை இறுக்கி, கம்பியையும் சரிசெய்தவரின் வண்டி மேடு ஏறினால் அவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். வண்டி சரியாகிவிட்டது, எது பழுது என்பது அவருக்குத் தெரியாது. குறை திரும்பினால் எங்கே தொடங்குவது என்பதும் தெரியாது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சூட்டில் அதே மேட்டில் சோதிப்பவருக்கே வெற்றி அறிவாகிறது. ஐயம் தீராத இடத்தில், மாற்றிய நல்ல பாகத்தைக் கழற்றிப் பழையதை மாட்டி, குறை திரும்புகிறதா என்று பார்ப்பதும் உண்டு. உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் தொடர்பை நிறுவுவது என்று அளவை நூல்கள் சொல்வது இதுவே: அது இருக்கும்போது இது இருக்கிறது, அது இல்லாதபோது இது இல்லை.

எல்லாச் சோதனையும் கடந்து உட்தேய்மானமே எஞ்சினால், கருதலின் வேலை முடிந்துவிடுகிறது. சில பெட்டிகளுக்குப் பம்பின் பாகங்கள் தனியே கிடைக்கும்; சிலவற்றை முழுப்பெட்டியாகவே மாற்ற வேண்டும், அதன் விலை பழைய வண்டியின் மதிப்பை மிஞ்சக்கூடும். பழுதைத் தீர்ப்பதா, மேடில்லாத நிலத்துக்கு மட்டும் வண்டியைப் பயன்படுத்துவதா, கைவிடுவதா என்பதை எந்த அளவையும் சொல்லாது. காரணம் எது என்பது அறிவின் கேள்வி. அதை என்ன செய்வது என்பது உடையவரின் தேவையும் பணமும் முடிவுசெய்யும் கேள்வி. முதற்கேள்விக்கு விடை கிடைத்தபின் இரண்டாவதைக் கேட்பவர், குறைந்தது தவறான பாகத்துக்குப் பணம் கொடுக்க மாட்டார்.